ஹெர்பிஸ் மைக்ரோஅரே: எல்லா வைரஸ் மரபணுவும் சிவப்பாகவே வருகிறது, எதை எதோடு ஒப்பிடுவது?

பறக்கும்ரயில் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் ஆய்வு மாணவி, நான்காவது வருடம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் லேபில் முன்பு இருந்த ஓர் அக்கா ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் 1 வைரஸுக்காக அச்சடித்து வைத்துவிட்டுப் போன மைக்ரோஅரே ஸ்லைடுகள் (எந்த மரபணுவின் ஆர்என்ஏ எவ்வளவு என்று காட்டும், டிஎன்ஏ புள்ளிகள் அச்சடித்த கண்ணாடித் தகடுகள்) 16 அப்படியே டெசிகேட்டரில் கிடந்தன. ஒவ்வொன்றிலும் வைரஸின் 80 சொச்சம் மரபணுக்களுக்கு 70 எழுத்து நீள ஆலிகோ (குட்டி டிஎன்ஏ இழை), மும்மூன்று ஸ்பாட், கூடவே ஜிஏபிடிஹெச், ஆக்டின் மாதிரி செல்லில் எப்போதும் வேலை செய்யும் 20 மனித மரபணுக்கள். "சும்மா கிடக்கிறதே, எந்த மரபணு எப்போது வேலையைத் தொடங்குகிறது என்று பார்த்து ஒரு அத்தியாயம் எழுதிவிடு" என்றார் கைடு. அத்தியாயம் எழுதுவது ஏதோ தோசை ஊற்றுவது மாதிரி.

செய்தது இதுதான். ஹீலா செல்கள் (லேபில் வளர்க்கும் மனித செல்), எம்ஓஐ 1 (செல்லுக்குச் சராசரியாக ஒரு தொற்றும் வைரஸ்), தொற்றிய பிறகு 2, 4, 8, 12 மணி நேரம். தொற்றாத மாக் செல்களின் ஆர்என்ஏவுக்கு சை3 (பச்சைச் சாயம்), தொற்றிய செல்களுக்கு சை5 (சிவப்புச் சாயம்), இரண்டு பக்கமும் 10 மைக்ரோகிராம் மொத்த ஆர்என்ஏ. இதற்குமேல் சைக்ளோஹெக்சிமைடு போட்ட சாம்பிள் ஒன்று, ஏனென்றால் புதுப் புரதம் எதுவும் உருவாகாமல் தடுத்தால் இம்மீடியட் எர்லி மரபணுக்கள் (வைரஸின் புதுப் புரதம் இல்லாமலே முதலில் வேலையைத் தொடங்குபவை) மட்டும்தானே தெரிய வேண்டும். ஒவ்வொன்றும் இரண்டு முறை, ஆகமொத்தம் 10 ஸ்லைடு காலி.

இப்போது பாருங்கள். 8 மணி நேரத்தில் வைரஸ் ஸ்பாட் எல்லாமே சிவப்பு. சிவப்புக்கும் பச்சைக்குமான விகிதம் சிலவற்றில் 400, சிலவற்றில் 2000, சிலவற்றில் மைனஸ். ஒரே மரபணுவின் மூன்று ஸ்பாட்டுக்குள்ளேயே பத்து மடங்கு வித்தியாசம். சரி என்று மென்பொருளில் நார்மலைஸ் செய்தால், அதாவது இரண்டு நிறத்தின் அளவையும் சமன்படுத்தினால், 8-இலிருந்து 12 மணிக்குப் போகும்போது வைரஸ் மரபணுக்கள் எல்லாம் இறங்குகின்றன, அது நடக்கவே நடக்காது என்று எனக்கே தெரிகிறது.

அதைவிடக் குழப்பம் சைக்ளோஹெக்சிமைடு ஸ்லைடு. இம்மீடியட் எர்லி வகையான ஐசிபி4, ஐசிபி27 எல்லாம் நன்றாக வருகின்றன, ஆனால் கடைசியில் வர வேண்டிய கிளைக்கோபுரோட்டீன் சி-யும் மங்கலாகத் தெரிகிறது. ஜிஏபிடிஹெச் வேறு பாதியாகக் குறைந்திருக்கிறது. வைரஸால் புரதமே செய்ய முடியாதபோது செல்லின் எம்ஆர்என்ஏ எப்படிக் குறையும்? மருந்து கெட்டுவிட்டதா? மூன்று வாரத்தில் கமிட்டி. மிச்சம் இருப்பது 6 ஸ்லைடு.

கணக்குப்புலி எழுதியது:

இன்னுமா மைக்ரோஅரே? ஸ்கேனரோடு இருக்கும் கணினியில் விண்டோஸ் எக்ஸ்பி ஓடுகிறதா என்று ஒரு சின்ன சந்தேகம். மிச்ச ஆர்என்ஏவை ஆர்என்ஏ-சீக்குக்கு (எழுத்து எழுத்தாக வரிசையைப் படித்து எண்ணும் முறை) அனுப்பிவிட்டு நிம்மதியாக இருங்கள். இந்த விகிதம், நிறம், ஸ்பாட் தொல்லை எதுவுமே கிடையாது.

பழைய_டெசிகேட்டர் எழுதியது:

புலி சார், அனுப்ப யார் காசு கொடுப்பது? அந்தப் பெண் கையில் இருப்பது 6 ஸ்லைடு, அதை வைத்துப் பேசுவோம். (எக்ஸ்பி விஷயம் மட்டும் உண்மையாக இருக்கும் என்று நானும் நினைக்கிறேன்.)

பறக்கும்ரயில்மா, உன் கையில் தவறு அதிகம் இல்லை, திட்டத்தில்தான் தவறு. மாக் செல்லில் வைரஸே கிடையாது. இல்லாத ஒன்றைக் கீழே வைத்து வகுத்தால் என்ன வரும்? மாக் பக்கம் அந்த ஸ்பாட்டில் இருப்பது கண்ணாடியின் பின்னணி ஒளி மட்டும்தான். பின்னணியைக் கழித்த பிறகு அது 12 ஆகவும் இருக்கும், 3 ஆகவும் இருக்கும், மைனஸ் 5 ஆகவும் இருக்கும். மேலே அதே 6000 இருந்தாலும் முதலாவது 500 மடங்கு, இரண்டாவது 2000 மடங்கு, மூன்றாவது மைனஸ். உன் பத்து மடங்கு வித்தியாசம் இதுதான், வைரஸுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இரண்டு நிற அரே பிறந்ததே இரண்டு பக்கமும் இருக்கும் மரபணுக்களை ஒப்பிடத்தான். ஈஸ்டில், மனித செல்லில் செய்பவர்களின் செய்முறையை அப்படியே வைரஸுக்கு எடுத்தால் இப்படித்தான் வரும்.

நார்மலைசேஷனும் அதே கதை. பெரும்பாலான மரபணுக்கள் மாறவில்லை, இரண்டு நிறத்தின் மொத்த ஒளியும் ஏறக்குறைய சமம் என்று அந்த மென்பொருள் முதலிலேயே முடிவு கட்டிக்கொள்கிறது. உன் ஸ்லைடில் நூறில் எண்பது மரபணு ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது. 12 மணி நேரத்தில் வைரஸ் ஆர்என்ஏ பெருகப் பெருக சிவப்பு மொத்தம் ஏறும், மென்பொருள் அதைப் பிடித்து சை3-க்குச் சமமாக அமுக்கும், எல்லா வைரஸ் மரபணுவும் இறங்கியதாகத் தெரியும். இன்னொன்றையும் பார்த்துக்கொள், ஸ்கேனர் 16 பிட் என்றால் 65,535-க்கு மேல் எண்ணே கிடையாது. 12 மணி ஸ்லைடில் எத்தனை ஸ்பாட் அந்த எண்ணில் முட்டிக்கொண்டு நிற்கிறது என்று எண்ணிப் பார். முட்டினால் பிஎம்டி (ஸ்கேனரின் ஒளி உணர்திறன்) குறைத்து இன்னொரு தடவை ஸ்கேன் செய்யலாம், ஆனால் பழைய ஸ்லைடில் சை5 இன்னும் உயிரோடு இருந்தால்தான். ஓசோன் காற்றில் கொஞ்சம் கூடினாலே சை5 போய்விடும், சை3 அப்படியே நிற்கும். நான் வெயில் காலத்தில் மதியம் கழுவி எடுத்த ஸ்லைடை டீ குடித்துவிட்டு வந்து ஸ்கேன் செய்து, எல்லாம் பச்சையாக வந்ததைப் பார்த்துத் தலையில் கை வைத்தவன். அதற்குப் பிறகு காலை 7 மணிக்குத்தான் கழுவுவேன்.

ஜிஏபிடிஹெச்சை வைத்துச் சரிசெய்யலாமா என்று அடுத்து கேட்பாய். கூடாது. இந்த வைரஸ் செல்லின் எம்ஆர்என்ஏவைத் துண்டு துண்டாக வெட்டுகிறது, வெட்டுவது யுஎல்41 மரபணுவின் புரதம். சைக்ளோஹெக்சிமைடு குழப்பத்துக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. அந்தப் புரதம் செல்லுக்குள் புதிதாக உருவாக வேண்டியதே இல்லை, வைரஸ் துகளின் டெகுமென்ட்டிலேயே (வெளி உறைக்கும் உள்கூட்டுக்கும் நடுவிலுள்ள அடுக்கு) தயாராக உட்கார்ந்து வருகிறது. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வரும் விருந்தாளி மாதிரி. நீ அடுப்பை அணைத்தாலும் அவருக்குப் பசி தெரியாது. எனவே மருந்து கெடவில்லை, ஜிஏபிடிஹெச் குறைந்தது சரிதான். பாதியோடு நின்றதற்கு ஒரு காரணம் எம்ஓஐ 1. அந்தக் கணக்கில் 37 சதவீத செல்களுக்கு வைரஸே போய்ச் சேராது, அவை பாட்டுக்கு ஜிஏபிடிஹெச் செய்துகொண்டிருக்கும். எம்ஓஐ 5 வைத்தால் தப்பிப்பது 1 சதவீதத்துக்கும் கீழே. இந்த மாதிரி வேலைக்கு 5-க்குக் குறைந்து போகவே கூடாது.

நல்லவேளை, நீ மொத்த ஆர்என்ஏ எடுத்தாய். மொத்த ஆர்என்ஏவில் பெரும்பகுதி ரைபோசோம் ஆர்என்ஏ, அதில் வைரஸ் அவ்வளவாகக் கை வைப்பதில்லை, அதனால் 10 மைக்ரோகிராம் என்பது ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை செல்கள் என்று வாதாடலாம். பாலி-ஏ வால் உள்ள எம்ஆர்என்ஏவை மட்டும் பிரித்தெடுத்து அதைச் சம எடை போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும்.

ஒரு கேள்வி. அந்த அக்காவின் ப்ளேட் மேப் (எந்த ஸ்பாட் எது என்ற பட்டியல்) இருக்கிறதா? அதில் அராபிடாப்சிஸ் செடியின் ஸ்பாட் ஏதாவது உண்டா பார்.

பறக்கும்ரயில் எழுதியது:

சார், ரொம்ப நன்றி. ப்ளேட் மேப் இருக்கிறது, ஓரத்தில் "ஏடி" என்று போட்டு 10 ஸ்பாட். காலி ஸ்பாட் என்று நினைத்து எல்லா ஸ்லைடிலும் அவற்றை அனலிசிஸிலிருந்து தூக்கிவிட்டேன்.

பழைய_டெசிகேட்டர் எழுதியது:

"ஏடி" என்றால் அராபிடாப்சிஸ் தாலியானாதான்மா. அந்த அக்கா விவரமானவர். மனித செல்லிலும் ஹெர்பிஸிலும் இல்லாத செடி ஆர்என்ஏவை அளந்து கலந்து, எல்லா ஸ்லைடுக்கும் அதையே அளவுகோலாக வைக்கத்தான் அந்தப் பத்து ஸ்பாட். ஒரு வேடிக்கை பார், 1995-இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்த முதல் மைக்ரோஅரே கட்டுரை இதே செடியின் 45 மரபணுக்களை வைத்துச் செய்தது. அதில் செடியின் ஆர்என்ஏவுக்குள் மனித எம்ஆர்என்ஏவைக் கலந்து அளவு பார்த்தார்கள். இப்போது நாம் அதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

ஃப்ரீசரில் அந்த ஸ்பைக் ஆர்என்ஏ (கலப்பதற்கான செடி ஆர்என்ஏ) இருக்கிறதா தேடு. இருந்தால் செல்களை எண்ணி, உடைக்கிற கட்டத்திலேயே இத்தனை செல்லுக்கு இவ்வளவு என்று போடு. ஆர்என்ஏ எடுத்த பிறகு எடைக்கு எடை போட்டால் பாதிப் பயன் போய்விடும்.

இறால்மூக்கு எழுதியது:

நான் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம், இறால் வெள்ளைப்புள்ளி வைரஸில் வேலை செய்கிறேன். ஹெர்பிஸ் தெரியாது, ஆனால் சைக்ளோஹெக்சிமைடு தெரியும், ஏனென்றால் எங்கள் வைரஸின் முதல் மரபணுக்களே அப்படித்தான் அகப்பட்டன. 2005-இல் மருந்து கொடுத்த இறாலில் வைரஸைச் செலுத்தி மைக்ரோஅரேயில் பார்த்து ஐஇ1, ஐஇ2, ஐஇ3 என்று மூன்றைப் பிடித்தார்கள். உங்களுக்காவது ஹீலா இருக்கிறது. இறாலுக்கு நிலையான செல் லைனே கிடையாது, உயிருள்ள இறாலுக்குத்தான் ஊசி. ஒரு இறாலில் தொற்று முந்தும், பக்கத்து இறாலில் பிந்தும், நேரக் கணக்கெல்லாம் ஒரு குத்துமதிப்புதான். உங்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். கிளைக்கோபுரோட்டீன் சி தெரிந்ததற்கு மூன்று வழி இருக்கிறது. மருந்தை வைரஸோடு சேர்த்து ஊற்றினீர்களா, அல்லது அரை மணியாவது முன்னாலேயே போட்டுவிட்டு, இடையில் மீடியம் மாற்றும்போதும் மருந்து கலந்த மீடியமே மாற்றினீர்களா? நடுவில் கொஞ்ச நேரம் மருந்து இல்லாமல் இருந்தால் போதும், புரதம் உருவாகிவிடும். அடுத்தது, மாக் சாம்பிளின் சை3 படத்தை மட்டும் திறந்து அதே ஸ்பாட்டைப் பாருங்கள். அங்கேயும் மினுக்கினால் மனித ஆர்என்ஏவே அந்த ஆலிகோவில் ஒட்டுகிறது என்று அர்த்தம், ஹெர்பிஸ் டிஎன்ஏவில் 68 சதவீதம் ஜி-யும் சி-யும் என்பதால் அது நடக்கக்கூடியதுதான்.

மூன்றாவது, என் பணமெல்லாம் இதன் மேல்தான்: டிஎன்ஏ. ட்ரைசால் கரைசலில் எடுத்த ஆர்என்ஏவில் வைரஸ் டிஎன்ஏ கொஞ்சம் கூடவே வரும். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக நகல் எடுக்கும் நொதி) டிஎன்ஏவையும் படித்து நகல் எடுக்கும், அது ஒன்றும் பத்தினி கிடையாது. எம்ஓஐ 1 என்றால் செல்லுக்கு ஒரு வைரஸ் என்று நினைக்காதீர்கள், தொற்றும் துகள் ஒன்றுக்குத் தொற்றாத துகள்கள் பல கூட வரும், ஒவ்வொன்றுக்குள்ளும் ஜீனோம் இருக்கும். டிஎன்ஏதான் காரணம் என்றால் கிளைக்கோபுரோட்டீன் சி மட்டும் தெரியாது, லேட் (கடைசியில் வரும்) மரபணுக்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே அளவில் மங்கலாகத் தெரியும். டிஎன்ஏவை அழிக்கும் டிஎன்ஏஸ் நொதி போட்டீர்களா?

மழைக்கால_டாக்டர் எழுதியது:

குறுக்கே ஒரு கேள்வி, மன்னிக்கவும். இங்கே மழை விட்டதும் டெங்கு வார்டு நிரம்பிவிடுகிறது. டெங்கு வைரஸின் மரபணுக்களையும் இப்படி அரேயில் பார்க்க முடியுமா?

பழைய_டெசிகேட்டர் எழுதியது:

டாக்டர், பார்க்கலாம், ஆனால் பார்க்க ஒன்றும் இல்லை. டெங்குவுக்கு ஏறக்குறைய 10,700 எழுத்து நீள ஒரே ஒரு ஆர்என்ஏ, அதிலிருந்து ஒரே நீளப் புரதம், அதை வெட்டித்தான் 10 புரதம். பத்து ப்ரோப் (ஸ்பாட்டில் வைக்கும் ஆலிகோ) போட்டாலும் பத்தும் ஒரே ஆர்என்ஏவைத்தான் பிடிக்கும். அங்கே அரே உதவுவது நோயாளியின் ரத்த செல் எப்படிப் பதில் கொடுக்கிறது என்று பார்க்க. எந்த மரபணு எப்போது என்ற கேள்வி ஹெர்பிஸ், சைட்டோமெகலோ, பாக்ஸ், நம் இறால்காரரின் வைரஸ் மாதிரி பெரிய டிஎன்ஏ வைரஸ்களுக்குத்தான் பொருந்தும். 1999-இல் சைட்டோமெகலோ வைரஸ் சிப் வந்தபோது சைக்ளோஹெக்சிமைடையும், வைரஸ் டிஎன்ஏ பெருக்கத்தைத் தடுக்கும் கான்சிக்ளோவிரையும் வைத்து முழு ஜீனோமையும் வகை பிரித்தார்கள். அதுவரை ஒவ்வொரு மரபணுவாக நார்தர்ன் பிளாட் ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய விஷயம்.

கணக்குப்புலி எழுதியது:

மேலே நான் எழுதியதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆர்என்ஏ-சீக்கிலும் இந்தத் தலைவலி இருக்கிறது, வேறு சட்டை போட்டு வரும். ஒரு சாம்பிளுக்கு இத்தனை கோடி ரீட் (படித்த துண்டு) என்று வாங்குகிறோம், அதில் கணிசமான பங்கை வைரஸ் சாப்பிட்டுவிட்டால் செல் மரபணுக்கள் எல்லாம் குறைந்ததாகத் தெரியும். அங்கேயும் ஸ்பைக் இல்லாமல் மொத்தத்தைச் சமன் செய்தால் அதே பள்ளம்தான்.

ஆனாலும் மிச்சப் பாதியை விடமாட்டேன். ஹெர்பிஸ் மரபணுக்கள் ஒன்றின் வாலில் ஒன்று முடிகின்றன. யுஎல்26.5-இன் எம்ஆர்என்ஏ முழுவதும் யுஎல்26-இன் எம்ஆர்என்ஏவுக்குள்ளேயே அடங்கிவிடும், இரண்டுக்கும் கடைசி முனை ஒன்றுதான். அந்தப் பக்கம் வைத்த ஆலிகோ எதைப் பிடித்தது என்று கடவுளுக்கும் தெரியாது. இன்னொன்று, ஹெர்பிஸ் தொற்றிய செல்லில் மனித மரபணுக்களின் படியெடுப்பு நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் அடுத்த மரபணு வரைக்கும் ஓடுகிறது என்று 2015-இல் காட்டினார்கள். அரேயில் அது "அடுத்த மரபணு ஏறிவிட்டது" என்று தெரியும். ரீட் வரைபடத்தைப் பார்த்தால்தான் வண்டி ஸ்டேஷனில் நிற்காமல் போனது புரியும். அதனால் அத்தியாயத்தில் யுஎல்26 மாதிரி இடங்களைத் தனி மரபணுவாக எழுதாதீர்கள், குழுவாக எழுதுங்கள்.

பறக்கும்ரயில் எழுதியது:

எல்லாம் பார்த்துவிட்டு வருகிறேன், இரண்டு நாள் ஆகிவிட்டது.

மருந்து ஒரு மணி நேரம் முன்பே போட்டேன், மீடியத்திலும் இருந்தது. மாக் சை3 படத்தில் கிளைக்கோபுரோட்டீன் சி ஸ்பாட் இருட்டாகத்தான் இருக்கிறது. ஆனால் சைக்ளோஹெக்சிமைடு ஸ்லைடில் லேட் மரபணுக்கள் எல்லாமே மங்கலாக, ஏறக்குறைய ஒரே அளவில் தெரிகின்றன, நான்தான் ஒன்றை மட்டும் கவனித்திருக்கிறேன். நோட்டைத் திறந்தால் என் கையெழுத்திலேயே இருக்கிறது: "டிஎன்ஏஸ் தேதி முடிந்துவிட்டது, இந்த முறை விட்டுவிடலாம்". நேற்று அதே ஆர்என்ஏவை ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் போடாமல் பிசிஆர் ஓட்டினேன். பேண்ட் வந்துவிட்டது, அழகாக, தடிமனாக, ஆக டிஎன்ஏ கலந்திருக்கிறது. இறால்மூக்கு அண்ணா, உங்கள் பணம் பத்திரம்.

12 மணி ஸ்லைடில் 65,535-இல் முட்டி நின்றது 41 ஸ்பாட். ஸ்பைக் ஆர்என்ஏ மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் இருந்தது.

இப்போது 6 ஸ்லைடுக்கு என்ன செய்வது? நான்கு நேரம், சைக்ளோஹெக்சிமைடு, இன்னொரு மருந்து என்று ஆளுக்கொன்றாக ஆறு போடலாமா?

பழைய_டெசிகேட்டர் எழுதியது:

வேண்டாம்மா. நேரத்தை வைத்து வகை பிரிக்க முடியாது. வைரஸ் டிஎன்ஏ பெருகத் தொடங்கியதும் அச்சுக்கல்லே நூறாகிவிடுகிறது, அப்போது பழைய மரபணுவும் ஏறும், புதியதும் ஏறும், எல்லாம் சேர்ந்து மேலே போகும். எது எந்த வகை என்று சொல்வது மருந்துதான். புரதத்தைத் தடுத்தும் வருவது இம்மீடியட் எர்லி. டிஎன்ஏ பெருக்கத்தைத் தடுத்தும் வருவது எர்லி வரைக்கும். அதில் காணாமல் போவது உண்மையான லேட், உன் கிளைக்கோபுரோட்டீன் சி மாதிரி. கொஞ்சம் குறைந்து மிச்சம் நிற்பது லீக்கி லேட், யுஎல்19 மாதிரி.

எனவே மூன்று சாம்பிள்: மருந்தில்லாமல், சைக்ளோஹெக்சிமைடோடு, டிஎன்ஏ பெருக்கத்தைத் தடுக்கும் பாஸ்போனோஅசெட்டிக் அமிலத்தோடு. ஒவ்வொன்றும் தனித்தனியாக வளர்த்த செல்லில் இரண்டு முறை. ஆறு ஸ்லைடும் முடிந்தது. எம்ஓஐ 5. அசைக்ளோவிர் கையில் இருக்கிறது என்று அதைப் போட்டுவிடாதே, அதை வைரஸின் தைமிடின் கைனேஸ் நொதிதான் முதலில் உசுப்ப வேண்டும், பாஸ்போனோஅசெட்டிக் அமிலம் நேரே டிஎன்ஏவை நகலெடுக்கும் பாலிமரேஸில் போய் உட்காரும். நேரக் கதைக்கு வகைக்கு இரண்டு மரபணு எடுத்து ரியல்டைம் பிசிஆர் ஓட்டு, அரே வேண்டாம்.

சை3 பக்கத்தில் மாக் வேண்டவே வேண்டாம். சுத்தமான வைரஸ் டிஎன்ஏவை லேபிள் செய்து, ஆறிலும் ஒரே அளவு போடு. காசநோய்க் கிருமியில் அரே செய்தவர்களுக்கு இது பழக்கமான வழி. எல்லா வைரஸ் ஸ்பாட்டிலும் பச்சை இருக்கும், வகுப்பதற்கு உண்மையான எண் கிடைக்கும், சரியாக ஒட்டாத ஆலிகோ எது என்பதும் தெரிந்துவிடும். ஒரே ஒரு பொறி: ஐசிபி0, ஐசிபி4 இரண்டும் திரும்ப வரும் பகுதியில் இருப்பதால் ஒரு ஜீனோமுக்கு இரண்டு பிரதி. பச்சை இரட்டிப்பாக இருக்கும், விகிதம் பாதியாகத் தெரியும். மருந்தோடும் மருந்தில்லாமலும் ஒரே மரபணுவை ஒப்பிடும்போது பரவாயில்லை, மரபணுவுக்கு மரபணு ஒப்பிட்டால் மாட்டிக்கொள்வாய். அப்புறம் ஸ்பைக் ஆர்என்ஏவைச் செல் எண்ணிப் போடு, டிஎன்ஏஸ் புதிதாக வாங்கு.

பறக்கும்ரயில் எழுதியது:

கைடிடம் காட்டினேன். "இதை முதல் ஸ்லைடுக்கு முன்னால் யோசித்திருக்கலாமே" என்றார். யாருடைய திட்டம் அது என்று நான் கேட்கவில்லை. டிஎன்ஏஸ் இண்டென்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார், வர பத்து நாளாம். அதுவரை வைரஸ் டிஎன்ஏ தயார் செய்கிறேன். பழைய 10 ஸ்லைடில் "ஏடி" ஸ்பாட் எல்லாம் இருட்டு, ஸ்பைக் போடாததால் அது சரிதான், குறைந்தது அந்த ஸ்பாட்டில் வேறெதுவும் ஒட்டுவதில்லை என்று ஒரு வரி எழுதிக்கொள்ளலாம். கழுவுவதைக் காலை 7 மணிக்கு வைத்திருக்கிறேன், முதல் ரயிலைப் பிடிக்க வேண்டும்.